சோழகங்கத்தின் கரையில்

நாடுகள் ஏன் எழுகின்றன, ஏன் வீழ்கின்றன என்னும் கேள்வி மிகப் பழமையானது. அதற்குரிய விடைகளும் பழமையானவையே. மேடையில் முழங்குவோரைக் கேட்டால், ஒழுக்கம் குன்றியது, பேரரசு குலைந்தது என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவர். பாடநூல் எழுதுவோரைக் கேட்டால், திறமையற்ற பிற்கால மன்னர், வாரிசுப் போர், சிற்றரசர் கலகம், அயலார் படையெடுப்பு என எண்ணிட்டுத் தருவர். மாணவர் அதனை நெட்டுருச் செய்து ரோமாபுரிக்கும் எழுதுவர், மொகலாயருக்கும் எழுதுவர், சோழருக்கும் எழுதுவர். பெயரை மட்டும் மாற்றினால் போதும், விடை பொருந்திவிடும். எல்லாப் பூட்டுகளையும் திறக்கும் ஒரு சாவியைக் கண்டால் மகிழ்வதைவிட ஐயுறுவதே அறிவுடைமை.

இந்த ஐயம் நமக்குத் தோன்றிய இடம் மீன்சுருட்டி. அரியலூர் மாவட்டத்துச் சிற்றூரான இது சென்னையிலிருந்து கும்பகோணம் செல்லும் பெருவழியில் உள்ளது. பயணிகள் பலருக்கு அது ஒரு கடைத்தெரு, அவ்வளவே. ஆனால் அங்கிருந்து சில கல் தொலைவில்தான், ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகராய் விளங்கிய கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. சற்றுத் தெற்கே கொள்ளிடம், அதன்மேல் கீழணை. அந்தப் பழம்பதியைக் காணச் சென்ற நாம், மாற்றுப் பேருந்துக்காகத் தேநீர்க் கடையொன்றில் அமர்ந்திருந்தோம்.

"கோயில் பார்க்கவா பாய் போறீங்க?" என்று கேட்டார் கடைக்காரப் பெரியவர்.

"கோயிலையும் பார்க்கணும் ஐயா, பொன்னேரியையும் பார்க்கணும்" என்றோம்.

"ஏரி சுருங்கிப் போச்சு. கரையைப் பாருங்க. அதைப் பார்த்தாத்தான் ஏரி எம்மாம் பெரிசுன்னு தெரியும்." அடுப்பைத் தூண்டிவிட்டுச் சற்று நேரம் கழித்து அவரே கேட்டார்: "கங்கை வரைக்கும் போயி செயிச்ச ராசா கட்டின ஊருங்கிறாங்க. அப்பேர்ப்பட்ட ஊரு எப்படி பாய் இல்லாமப் போச்சு?"

அதற்குள் பேருந்து வந்துவிட்டது. "போர்தான் ஐயா, வேறென்ன?" என்று கூறி ஏறிக்கொண்டோம். சொன்னது பொய்யன்று. ஆனால் அது விடையுமன்று என்பது வழிநெடுக நம்மை உறுத்திற்று. அவருக்கு அன்று சொல்லாமல் விட்டதையே இங்கு எழுத முயல்கிறோம்.

வென்ற கையும் வீழ்ந்த நகரும்

1014 முதல் 1044 வரை ஆண்ட முதலாம் இராசேந்திரனின் படை வடதிசை சென்று கங்கைக் கரையைத் தொட்டுத் திரும்பிற்று. அவ்வெற்றியின் நினைவாக அவன் புதுத் தலைநகர் ஒன்றை எழுப்பினான். அதன் மேற்கே ஒரு பேரேரி வெட்டிச் சோழகங்கம் எனப் பெயரிட்டான். கொணர்ந்த கங்கைநீர் அதில் வார்க்கப்பட்டது. திருவாலங்காட்டுச் செப்பேடுகள் அவ்வேரியை நீராலாகிய வெற்றித்தூண் என்று வருணிக்கின்றன. பிற மன்னர் கல்லில் நட்டதை இவன் நீரில் நட்டான். 1025இல் அவனுடைய கப்பற்படை கடல்கடந்து ஸ்ரீவிசயத்தையும் கடாரத்தையும் தாக்கிற்று. ஈழ மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழநாட்டிலேயே மாண்டான். சாளுக்கிய நாட்டிலிருந்தும் கலிங்கத்திலிருந்தும் வெற்றிச் சின்னங்களாகக் கொண்டுவரப்பட்ட சிற்பங்களை இன்றும் அத்தலைநகர்ப் பகுதியில் காணலாம்.

இன்று அந்நகரில் எஞ்சியிருப்பது பெருங்கோயில் ஒன்றே. தஞ்சைப் பெரியகோயிலை 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற யுனெஸ்கோ, 2004இல் இதனையும் தாராசுரத்தையும் அதனோடு சேர்த்தது. அரண்மனை இருந்த இடம் மாளிகைமேடு என்னும் பெயரில் ஒரு மண்மேடாய்க் கிடந்தது. தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1980களிலும், மீண்டும் 2021இலும் அங்கு அகழ்ந்தபோது செங்கற் சுவர்களின் அடிப்பகுதியும் கூரை ஓடுகளும் பானைச் சில்லுகளும் வெளிப்பட்டன. கடாரம் வரை ஆணை செலுத்திய மாளிகையின் தரையில் புல் முளைத்திருக்கிறது.

இக்காட்சியைக் கண்டதும் மனம் ஒரு கணக்குப் போடுகிறது: பிறர் நகரைப் பறித்தான், தன் நகரை இழந்தான், வாள் எடுத்தவன் வாளால் வீழ்ந்தான், அறம் வென்றது. வரலாற்றில் இக்கணக்குக்குச் சான்றுகள் வேண்டுமளவு கிடைக்கும். சோழன் மூன்றாம் குலோத்துங்கன் மதுரையை வென்று பாண்டியரின் முடிசூட்டு மண்டபத்தை இடித்துத் தள்ளினான். சில ஆண்டுகள் சென்றன. 1216இல் பட்டமேறிய மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டுக்குள் புகுந்து தஞ்சையையும் உறையூரையும் எரித்தான். உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலைக்குப் பரிசாகக் கரிகாலன் அளித்த பதினாறுகால் மண்டபத்தை மட்டும் அவன் இடிக்காமல் விட்டதாகத் திருவெள்ளறைக் கல்வெட்டு கூறுகிறது. பகைவனின் அரண்மனையை எரித்த கை, புலவனின் மண்டபத்தின்முன் தயங்கியது.

ரோமாபுரியின் கதையிலும் இதே சுழற்சி உண்டு. கி.மு. 146இல் ரோமப் படை கார்த்தேஜ் நகரைத் தீக்கிரையாக்கியது. வென்ற தளபதி சிபியோ அந்நெருப்பைப் பார்த்துக் கண்ணீர் விட்டதாகவும், இதே விதி ஒருநாள் தன் ஊருக்கும் வரும் என அஞ்சியதாகவும் உடனிருந்த வரலாற்றாசிரியர் பாலிபியஸ் வழியாக நமக்குத் தெரியவருகிறது. அறுநூறு ஆண்டுகள் கழிந்தன. கி.பி. 455இல் ரோமைக் கொள்ளையிட்ட வாண்டல்கள் புறப்பட்டு வந்த துறைமுகம் அதே கார்த்தேஜ்! கதை சொல்வோன் ஒருவன் திட்டமிட்டு முடித்தாற்போல் இருக்கிறது.

வரலாறு ஒரு வழக்குமன்றமா?

ஆனால் சற்றுப் பொறுத்துப் பார்ப்போம். கார்த்தேஜை எரித்தவர் யார்? அதற்காக அழுதவர் யார்? 455இல் வீடிழந்தவர் யார்? அறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தளபதி செய்த செயலுக்கு, ரோமின் சந்தொன்றில் ரொட்டி சுட்டு விற்றவன் ஏன் தண்டிக்கப்படவேண்டும்? இராசேந்திரனுக்கு எந்தத் தண்டனையும் வரவில்லை. அவன் முப்பதாண்டு ஆண்டு, வெற்றிப் புகழோடு மறைந்தான். அவன் கட்டிய நகரும் அவனுக்குப் பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றது. இதை நீதி என்று கூறினால், குற்றவாளியை விடுவித்து அவன் பேரனின் பேரன் காலத்து உழவனைத் தூக்கிலிடும் நீதி என்றுதான் கூறவேண்டும்.

ரோமாபுரி இக்கேள்வியை நேரடியாகவே சந்தித்தது. கி.பி. 410இல் அலாரிக் தலைமையில் காத்தியர் அந்நகரைச் சூறையாடினர். பழைய தெய்வங்களைக் கைவிட்டதே இவ்வழிவுக்குக் காரணம் என்று பழஞ்சமயத்தார் குற்றஞ்சாட்டினர். வட ஆப்பிரிக்காவிலிருந்த அகஸ்டின் அதற்கு மறுமொழியாகக் 'கடவுளின் நகரம்' என்னும் நூலை 413 அளவில் தொடங்கிப் பதின்மூன்று ஆண்டுகள் எழுதினார். பழைய தெய்வங்களைத் தொழுத நாட்களிலும் ரோம் துன்புறவில்லையா, இவ்வுலகின் இன்ப துன்பங்கள் நல்லோருக்கும் தீயோருக்கும் பொதுவாகத்தானே வருகின்றன என்பது அவர் வாதத்தின் ஒரு பகுதி. அடுத்த தலைமுறையில் சால்வியன் என்னும் சமயகுரு வேறொன்றைச் சொன்னார். ரோம் தன் பாவங்களுக்காகவே தண்டிக்கப்படுகிறது என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆயினும் அவர் சுட்டிய பாவங்களில் ஒன்று நம்மை நிமிர்ந்து உட்காரச் செய்கிறது: வரிச்சுமை தாளாத ஏழை ரோமர்கள், ரோமச் சட்டத்தின் கீழ் வாழ்வதைவிட அயலாரிடம் அடைக்கலம் புகுவதே மேல் என ஓடிக்கொண்டிருந்தார்கள் என்பது.

திருமறையின் 30ஆம் அத்தியாயத்துக்கு ரோமரின் பெயரே சூட்டப்பட்டிருப்பதை வாசகர் அறிவர். கிழக்கு ரோமப் பேரரசு பாரசீகரிடம் தோற்று நின்ற வேளையை அது பேசுகிறது. பூமியில் பயணம் செய்து, முன்னிருந்தோரின் முடிவைப் பாருங்கள் என்ற அழைப்பும் அதே அத்தியாயத்தில் உண்டு. பார்க்கத்தான் அழைப்பு. இடிபாட்டைக் கண்டதும் 'இவர்கள் தீயோர், நாம் நல்லோர்' என்று தீர்ப்பெழுத நமக்கு அதிகாரம் தரப்படவில்லை. ஆனால் அத்தீர்ப்பை எழுதுவதில்தான் நமக்கு இன்பம் அதிகம்.

சோழகங்கம் பற்றியே ஒரு செய்தி உண்டு. 1855இல் வெளியான ஆங்கிலக் குறிப்பொன்று, உடையார்பாளையம் வட்டத்தில் தெற்கு வடக்காக 16 மைல் நீண்ட ஒரு கரை இருப்பதையும், கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேல் நீண்ட ஒரு வாய்க்காலும் வெள்ளாற்றிலிருந்து ஒரு சிறு வாய்க்காலும் அதற்கு நீர் கொணர்ந்ததையும், அப்போது ஏரியின் உட்புறம் முழுவதும் காடு மண்டிக் கிடந்ததையும் விவரிக்கிறது. படையெடுத்து வந்த ஒரு சேனை வேண்டுமென்றே அதனை அழித்தது என்பது வழிவழி வந்த பேச்சு என்றும் அது சேர்க்கிறது. எந்தச் சேனை? அப்பேச்சு அதைச் சொல்லவில்லை. சொல்லாத இடத்தில் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டாத சேனையின் பெயரை நிரப்பிக்கொள்வர். குற்றவாளியைத் தேடும் வரலாறு பெரும்பாலும் பகைவனைத் தேடும் வரலாறாகவே முடிகிறது.

நெஞ்சு சோர்ந்தால் கை சோரும்

அப்படியாயின் அறத்துக்கும் நாட்டின் வாழ்வுக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. ஆனால் அது தண்டனை என்னும் வழியில் வருவதன்று. அது வரும் வழியைத் தெளிவாகக் காட்டியவர் இப்னு கல்தூன்.

1332இல் தூனிஸ் நகரில் பிறந்த அவர் இடிபாடுகளுக்கிடையே வளர்ந்தவர். அவர் முன்னோர் ஸ்பெயினின் செவில் நகரத்தார். 1248இல் அந்நகர் வீழுமுன் ஊரை விட்டுப் பெயர்ந்தோர். கொள்ளைநோய் தூனிஸைத் தாக்கியபோது பதினேழு வயதளவில் பெற்றோரை இழந்தார். அரண்மனைகள் பலவற்றில் பணியாற்றி, சிறையும் கண்டு, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள ஒரு கோட்டையில் ஒதுங்கியிருந்து 1377இல் 'முகத்திமா'வை எழுதினார். ஓர் இனத்தை எழுப்புவது அதன் கூட்டுணர்வு. அதனை அவர் அஸபிய்யா என்றார். வறுமையில் ஒன்றுபட்டு உழைத்த தலைமுறை ஆட்சியைப் பிடிக்கிறது. அடுத்தது அதனை அனுபவிக்கிறது. அதற்கடுத்தது அது எப்படி வந்தது என்பதையே மறந்துவிடுகிறது. தலைமுறைக்கு நாற்பதாண்டாக மூன்று தலைமுறை, அதாவது 120 ஆண்டுகள், ஓர் ஆட்சியின் பொதுவான ஆயுள் என்று அவர் கணித்தார். சோழரும் ரோமரும் அக்கணிப்பை மீறி வாழ்ந்தார்கள். எனவே எண்ணை விட்டுவிடுவோம்; கருத்தைக் கொள்வோம்.

அநீதி நாகரிகத்தை அழிக்கும் என்பதற்கு அவர் தனி அத்தியாயமே வகுத்தார். அங்கு அவர் இடி விழும் என்று சபிக்கவில்லை. ஒருவன் உழைத்துச் சேர்த்தது காரணமின்றிப் பறிக்கப்பட்டால், இனிச் சேர்ப்பதில் அவனுக்கு நாட்டம் போய்விடும். நெஞ்சு சோர்ந்தால் கை சோரும். கை சோர்ந்தால் சந்தை மந்தமாகும். மக்கள் வேறிடம் பெயர்வர். ஊர் வெறிச்சோடும். ஊர் வெறிச்சோடினால் அரசின் வருவாய் குறையும். குறைந்த வருவாயை ஈடுகட்ட வரி மேலும் ஏறும். இதில் எந்த இடத்திலும் வானத்திலிருந்து ஒரு கை நீளவில்லை. ஆயிரமாயிரம் கைகள் தாமாகவே தாழ்கின்றன, அவ்வளவுதான்.

கொடுமை செய்த பேரரசுகள் நெடுங்காலம் நின்றனவே என்று கேட்போருக்கும் அவர் விடை வைத்திருக்கிறார். பெருநகரில் செல்வம் மிகுதி. ஆகவே தேய்மானம் உடனே கண்ணுக்குத் தெரியாது. அது மெல்ல மெல்ல நிகழும். தெரியவரும்போது வேறோர் ஆட்சி வந்திருக்கும். மன்னனுக்கு வராத தண்டனை உழவனுக்கு ஏன் வருகிறது என்னும் நம் கேள்விக்கு இதைவிட நேர்மையான மறுமொழி இல்லை. அது தண்டனையே அன்று. அது ஒருவன் வாங்கிய கடன்; கட்டுபவன் வேறொருவன்.

1201இல் சோழநாட்டில் நிகழ்ந்த ஒன்றைத் திருப்பாம்புரம் கல்வெட்டு பதிந்து வைத்திருக்கிறது. பஞ்சம். காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற காலம். வெள்ளாளன் ஒருவன் தன்னையும் தன் இரு பெண்மக்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டான். அப்போது ஆண்டவன், மதுரையை வென்று, திருபுவனத்தில் விண்முட்டும் கோயில் எடுத்த மூன்றாம் குலோத்துங்கனே. பேரரசின் கொடி இன்னும் உயரத்தில்தான் பறந்துகொண்டிருந்தது. ஆனால் தந்தையும் மகள்களும் அந்த ஓலையில் கைச்சாத்திட்டபோதே, அந்நாட்டின் ஒரு செங்கல் பெயர்ந்துவிட்டது. பின்வந்த மூன்றாம் இராசராசன் தன் சிற்றரசனான கோப்பெருஞ்சிங்கனிடமே சிறைப்பட்டதும், போசளர் வந்து மீட்டதும், 1279இல் மூன்றாம் இராசேந்திரனோடு சோழர் ஆட்சி முடிந்ததும் பாடநூலில் உள்ள செய்திகள். அந்த மூவரின் பெயர் மட்டும் எப்பாடநூலிலும் இல்லை.

ரோமிலும் இவ்வாறே. அகஸ்டஸ் காலத்தில் ஏறத்தாழத் தூய வெள்ளியாயிருந்த நாணயம், கி.பி. 270 அளவில் மேற்பூச்சாக மட்டும் வெள்ளி கொண்ட செப்புக்காசாயிற்று. நம் கொங்குநாட்டு மண்ணிலிருந்து இன்றும் தோண்டியெடுக்கப்படும் தொடக்ககால ரோமக் காசுகளைப் பார்த்தவர்கள் அந்த நாணயத்துக்கு ஒருகாலத்தில் இருந்த மதிப்பை உணர்வர். 332இல் கான்ஸ்டன்டைன் பிறப்பித்த சட்டம், குத்தகை உழவன் நிலத்தை விட்டு ஓடினால் விலங்கிட்டுத் திருப்பிக் கொணரலாம் என்றது. உழுபவனை விலங்கிட்டு நிறுத்தவேண்டிய நாடு, அவன் நெஞ்சை முன்பே இழந்துவிட்டது. 476இல் கடைசி மேற்கு ரோம மன்னனான சிறுவனை ஒடோவாக்கர் பதவியிலிருந்து இறக்கியபோது, அவனுக்காக வாளெடுத்தோர் மிகச் சிலரே.

கல் போன வழி

இனிக் கங்கைகொண்ட சோழபுரத்துக் கற்களின் கதைக்கு வருவோம். 1836இல் ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையைக் கட்டினார். கட்டுவதற்குக் கருங்கல் வேண்டும். கோயிலைச் சூழ்ந்திருந்த பெரிய கல்மதில் இடிக்கப்பட்டுக் கற்கள் அணைக்குச் சென்றன. முன்னர்க் கூறிய 1855ஆம் ஆண்டுக் குறிப்பே இதனையும் சொல்கிறது: ஊரார் இயன்றவரை தடுத்தனர், பயனில்லை, தடுத்தவர் தண்டிக்கப்பட்டனர், கல்மதிலுக்குப் பதில் செங்கல்மதில் எழுப்பித் தருவதாக அரசு வாக்களித்தது, அவ்வாக்கு நிறைவேற்றப்படவில்லை. எழுதியவர் ஆளும் இனத்தவர். ஆயினும் அவர் எழுத்தில் ஒரு வெட்கம் இருக்கிறது.

இதனை எப்படி மதிப்பிடுவது? கீழணை வீண்செயல் அன்று. அங்கிருந்து வடவாறு வழியாக நீர் வீராணம் ஏரியை அடைகிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், அதாவது பத்தாம் நூற்றாண்டில், வெட்டப்பட்டு வீரநாராயணன் பெயர் தாங்கிய ஏரி அது. 2004 முதல் அவ்வேரி நீர், நாளொன்றுக்குப் 18 கோடி லிட்டர் அளவுக்குத் திட்டமிடப்பட்டு, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் சென்னைக்குக் குழாய்வழியே செல்கிறது. ஆக, ஒரு சோழன் எழுப்பிய மதிலின் கல், மற்றொரு சோழன் வெட்டிய ஏரிக்கு நீர் தள்ளுகிறது; அந்நீரை இன்று சென்னையில் பருகுவோர் பலருக்கு இவ்விரண்டு செய்தியும் தெரியாது.

பயன் பெரிது, ஆகவே பறித்தது சரி என்று முடிவு கட்டலாமா? நம்மால் இயலவில்லை. கல் அணைக்குப் போனதைவிட, கேட்காமல் போனதும், தடுத்தவரைத் தண்டித்ததும், கொடுத்த சொல்லைக் காக்காததுமே குற்றம். அணையின் நன்மை அக்குற்றத்தைக் கழுவவில்லை. குற்றம் அணையின் நன்மையையும் மறைக்கவில்லை. இரண்டையும் ஒருசேர மனத்தில் தாங்குவது கடினம். ஆனால் தாங்காதவன் வரலாறு படிக்கத் தகுதியற்றவன். இராசேந்திரனையும் அவ்வாறுதான் நாம் படிக்கவேண்டும். ஈழத்தில் அவன் படை செய்ததும் உண்மை. உடையார்பாளையத்து வறண்ட மண்ணுக்கு அவன் நீர் கொணர்ந்ததும் உண்மை.

ரோமில் ஐம்பதாயிரம் பேர் அமர்ந்து மனிதன் மனிதனைக் கொல்வதைப் பார்த்துக் களித்த கொலோசியம், பின்னர் பல நூற்றாண்டுகள் கல்வெட்டும் குழியாகப் பயன்பட்டது. அதே ரோமில் கி.மு. 19இல் அக்ரிப்பா கொணர்ந்த அக்வா விர்கோ என்னும் கால்வாய், கி.பி. 537இல் முற்றுகையின்போது துண்டிக்கப்பட்டும், பிற்காலத்தார் மீண்டும் மீண்டும் செப்பனிட்டதால் இன்றும் திரெவி நீரூற்றுக்கு நீர் தருகிறது. அது தானாக நிற்கவில்லை. தாகமுள்ளோர் அதனை நிறுத்தி வைத்தார்கள்.

அப்படியானால் சோழகங்கம் ஏன் தூர்ந்தது, வீராணம் ஏன் நின்றது? படையும் போரும் ஒரு காரணமாகலாம். ஆனால் 60 மைல் வாய்க்காலை ஆண்டுதோறும் தூர்வாரப் பேரரசு ஒன்று வேண்டும். வெற்றித்தூணாக எழுந்த ஏரி, வென்றவனின் குலம் முடிந்தபோது காப்பாரற்றுப் போயிற்று. வீராணமும் மன்னன் வெட்டியதே. ஆயினும் அதன் நீரை நம்பிய ஊர்கள் பல. கரை உடைந்தால் யாருடைய ஆட்சி என்று பாராமல் அதனை அடைக்கவேண்டிய தேவை அவர்களுக்கு இருந்தது.

பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்ததையும், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் தேர்வுக்குத் தகுதியற்றவர் என்பதையும் அவை விதிக்கின்றன. அது எல்லார்க்கும் இடமளித்த அவையன்று. நிலமுடைய பிராமணரின் அவை. சேரியில் வாழ்ந்தவனின் பெயர் அக்குடத்துள் விழுந்ததில்லை. குறையை மறைக்கவேண்டா. எனினும் ஏரியை ஊர் தன்னுடையதெனக் கருதி, கணக்குக் கேட்ட ஒரு முறை அங்கே இருந்தது.

நம் பெருமூச்சுகள்

இதனைச் சொல்லும்போது நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்ளவேண்டும். தமிழராகிய நாம் கடாரம் கொண்டதைப் பேசிப் பெருமூச்சு விடுகிறோம். இசுலாமியராகிய நாம் 1236இல் வீழ்ந்த கொர்தோபாவையும், 1258இல் எரிந்த பக்தாதையும், 1492இல் கைமாறிய கிரனாடாவையும் எண்ணிப் பெருமூச்சு விடுகிறோம். இருமடங்கு பழம்பெருமை வாய்த்ததால் நம் பெருமூச்சும் இருமடங்கு. ஆனால் எதனை இழந்ததற்காக அழுகிறோம்? அரண்மனையை இழந்ததற்கா, வாரியத்தை இழந்ததற்கா?

ஸ்பெயினின் வலென்சியா நகரில் வியாழக்கிழமைதோறும் நண்பகலில், பேராலயத்தின் வாயிலருகே உழவர் சிலர் கூடுகின்றனர். எட்டு வாய்க்கால்களின் நீர்ப்பங்கு வழக்குகளை வாய்மொழியாகவே விசாரித்து அங்கேயே தீர்ப்புச் சொல்கின்றனர். வாய்க்காலுக்கு அவர்கள் வழங்கும் 'அஸேக்கியா' என்னும் சொல்லே அரபுச் சொல். அம்முறை அரபியர் ஆட்சிக் காலத்தில் வேரூன்றியது. 1238இல் அந்நகரை வென்ற கிறித்தவ மன்னன் ஜெயிம், பழைய நீர்முறை அப்படியே தொடரட்டும் என்றான். 2009இல் யுனெஸ்கோ அதனை மனிதகுலத்தின் மரபுச்செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. கொடி போய் எண்ணூறு ஆண்டுகளாகின்றன. வாய்க்கால் வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது. வென்றவனும் தோற்றவனும் அங்கே ஒரே நீரைக் குடித்தார்கள்.

நாம் பெருமை பேசவேண்டுமானால் அதனைப் பேசலாம். ஆனால் பெருமை பேசுவதற்கும் ஒரு விலையுண்டு. நம் ஊர் ஏரிக்கரை உடைந்தால் அடைப்பது யார், நம் சங்கத்தின் கணக்கைக் காட்டாதவரைக் கேள்வி கேட்பது யார், பஞ்சத்தில் தன்னை விற்றுக்கொள்ளும் நிலைக்கு ஒரு குடும்பம் வரும்போது நாம் எங்கே கோபுரம் எழுப்பிக்கொண்டிருக்கிறோம் என்னும் கேள்விகளே அந்த விலை. அதனைச் செலுத்தாதவனுக்கு முன்னோரின் புகழ் வெறும் கடன்பத்திரம்.

மாலையில் பொன்னேரிக் கரையில் ஏறி நின்றோம். ஒருபுறம் சிறிதளவு நீர். மறுபுறம் வயல். கரை மட்டும் வடக்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் ஓடி மறைந்தது. அவ்வேரியைத் தூர்வாரிச் சீரமைக்கும் பணியைத் தமிழ்நாடு அரசு 2025இல் அறிவித்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வெற்றித்தூணாக நின்ற நீர், இனி நிற்குமாயின், வெறும் ஏரியாக நிற்கட்டும். அதுவே அதற்கு உயர்வு.

திரும்பும் வழியில் மீன்சுருட்டியில் மீண்டும் இறங்கினோம். கடை மூடியிருந்தது. பெரியவருக்கு நாம் சொல்லியிருக்கவேண்டியது இதுதான்: ஐயா, அப்பேர்ப்பட்ட ஊர் ஒரே நாளில் இல்லாமற் போகவில்லை, அதனைத் தன்னுடையது என்று எண்ணியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துபோனார்கள், படை வந்தது கடைசியில்.